பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்ததும் செய்ய வேண்டியவை: தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிறந்த குழந்தையின் காதுப் பரிசோதனைச் சீட்டில் 'ரெஃபர்' (தேறவில்லை, மேற்கொண்டு சோதிக்க வேண்டும்) என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? ஒரு வயது தாண்டியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லையா? அப்படியென்றால் இது உங்களுக்காக எழுதியது. முதலில் எங்கே போவது, கையில் எந்தக் காகிதம் இருக்க வேண்டும், எவ்வளவு செலவாகும், எந்த இடத்தில் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் என்பதையெல்லாம் தமிழ்நாட்டு நடைமுறைப்படி வரிசையாகச் சொல்கிறோம்.

தொடங்கும் முன் ஒன்று. கருவிக்கும் மாற்றுத்திறனாளி அட்டைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். பிள்ளையின் மொழியை மட்டும் அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். அதனால் கீழே 3-ஆவதாக இருக்கும் சைகை மொழி வேலையை முதல் பரிசோதனை நடக்கும் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். தாமதத்தால் வரும் இழப்பில் பெரியது அதுதான்.

1. பரிசோதனையை 3 மாதத்துக்குள் முடியுங்கள்

உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு 1-3-6. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதியான முடிவு, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். பிள்ளைக்கு அந்த வயது தாண்டிவிட்டிருந்தால் மனம் தளர வேண்டாம். இன்றைய தேதியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

முதலில் செய்வது ஓ.ஏ.இ. எனும் உட்காதுச் சோதனை. காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். பிறந்த முதல் ஓரிரு நாளில் காதுக்குள் பிரசவ நீர் தங்கியிருப்பதால், நன்றாகக் கேட்கும் பிள்ளைக்கும் 'ரெஃபர்' வரலாம். அதனால் முதல் முறை தேறவில்லை என்றால் பதற வேண்டாம். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடவும் வேண்டாம். இரண்டு, மூன்று வாரத்துக்குள் மறு சோதனை செய்யுங்கள்.

மறுபடியும் 'ரெஃபர்' என்றால் அடுத்தது பெரா எனும் கேட்கும் நரம்புச் சோதனை. தலையில் சிறு ஒட்டிகளை வைத்து, காதில் ஒலி கொடுத்து, அது நரம்பு வழியே மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பார்கள். ஓ.ஏ.இ. உட்காதின் வெளி மயிர்ச்செல்களை மட்டுமே சோதிக்கும். அது தேறி, நரம்பில் கோளாறு இருக்கிற பிள்ளைகளும் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த பிள்ளை, மஞ்சள் காமாலை கடுமையாகி ரத்தம் மாற்றப்பட்ட பிள்ளை, மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளை ஆகியோருக்கு ஓ.ஏ.இ. தேறினாலும் பெரா கேட்டு வாங்கிச் செய்யுங்கள். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு காது கேட்கவில்லை என்றால் அது அவசரம். உட்காதில் எலும்பு வளர்ந்து மூடிக்கொண்டால் காக்ளியர் (அறுவைச் சிகிச்சையில் உட்காதில் வைக்கும் கேட்புக் கருவி) பொருத்துவதே கடினமாகிவிடும். அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை மாதக் கணக்கு பார்க்காமல் நாள் கணக்கு பாருங்கள்.

பெரா எடுக்கும்போது பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். முக்கால்வாசி அலைச்சல் இங்கேதான். அன்று காலை வழக்கத்தைவிட முன்பே எழுப்பிவிடுங்கள், வண்டியில் தூங்க விடாதீர்கள், பால் கொடுப்பதை அங்கே போய்ச் சேரும்வரை தள்ளிப்போடுங்கள். சில மாதக் குழந்தை பால் குடித்ததும் தானாகத் தூங்கிவிடும். வளர்ந்த பிள்ளைக்குத் தூக்க மருந்து தேவைப்படலாம். அதை மருத்துவமனையில், மருத்துவர் சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும். வீட்டிலேயே கொடுத்துத் தூங்கவைத்துக் கொண்டுபோகாதீர்கள். சளி பிடித்திருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் முடிவு தவறாக வரும்.

எங்கே செய்வது? மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசம். தனியாரிடம் ஓ.ஏ.இ.க்குச் சில நூறு ரூபாயும், பெராவுக்கு ஏறக்குறைய 1,500 முதல் 3,000 ரூபாய் வரையும் ஆகும். அரசு மருத்துவமனையில் தேதி கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றால், பெராவை மட்டும் வெளியே எடுத்துக்கொள்வது நல்லது. மிச்சமாகும் பணத்தைவிட அந்த ஒரு மாதம் பெரிது.

வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்து, 'திரும்புகிறதே, கேட்கிறதே' என்று முடிவுக்கு வராதீர்கள். பிள்ளை உங்கள் நிழலுக்கும், தரை அதிர்வுக்கும், கை வீசும் காற்றுக்கும்கூடத் திரும்பும். 'எங்க வீட்டில் எல்லாருமே லேட்டாத்தான் பேசினோம்' என்று பெரியவர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தைத் தின்றுவிடுகிறது.

2. அறிக்கையை வாங்கும்போது கேட்க வேண்டியவை

'காது கேட்காது' என்று ஒற்றை வரி சொல்லி அனுப்பினால் அதை ஏற்றுக்கொண்டு வந்துவிடாதீர்கள். நிதானமாக நான்கு கேள்வி கேளுங்கள்.

இரண்டு காதிலும் தனித்தனியாக எத்தனை டெசிபல், அதாவது எவ்வளவு சத்தம் கொடுத்தால் கேட்கத் தொடங்குகிறது? சுமாராக 40-க்குள் இருந்தால் லேசான குறைபாடு, 70 வரை நடுத்தரம், 90 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை.

கோளாறு நடுக்காதிலா, உட்காதிலா, நரம்பிலா? நடுக்காது என்றால் மருந்திலோ சிறு சிகிச்சையிலோ சரியாக வாய்ப்பு உண்டு. இதைப் பார்க்க டிம்பனோமெட்ரி செய்வார்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 1000 ஹெர்ட்ஸ் (சுருதியின் அளவு) ஒலியில் செய்ய வேண்டும். பெரியவர்களுக்குச் செய்யும் 226 ஹெர்ட்ஸில் செய்தால், நீர் கோத்திருந்தாலும் இல்லை என்று காட்டிவிடக்கூடும்.

எந்த ஒலியை வைத்துச் சோதித்தார்கள்? 'கிளிக்' ஒலி பெரா பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை உள்ள மேல் சுருதிகளைத்தான் காட்டும். '90 டெசிபலில் பதில் இல்லை' என்று வந்தாலும் கீழ்ச் சுருதிகளில் கொஞ்சம் கேட்கும் திறன் மிச்சம் இருக்கலாம். 500 ஹெர்ட்ஸ் டோன் பர்ஸ்ட் பெராவோ ஏ.எஸ்.எஸ்.ஆர். சோதனையோ எடுத்தால் தெரியும். கருவியைச் சரியாக அமைக்க அந்த எண்கள் வேண்டும்.

மறுபடி எப்போது சோதிக்க வேண்டும்? குறைமாதக் குழந்தைக்கு நரம்பு முதிர முதிர முடிவு மாறலாம். முதல் பெராவை வைத்தே அறுவைச் சிகிச்சை வரை போய்விடக் கூடாது.

இதோடு கண் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். பிறவியில் காது கேளாமையோடு கண்ணோ இதயமோ சேர்ந்து பாதிக்கப்படும் சில மரபு நோய்கள் உண்டு. பிள்ளைக்கு இனி கண்தான் முதல் வாசல். அது தெளிவாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது அவசியம்.

எல்லா அறிக்கைகளையும் அலை வரைபடங்களோடு கேட்டு வாங்குங்கள். மூன்று நகல் எடுத்து, கைப்பேசியில் படமும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. முதல் பரிசோதனை வாரத்திலேயே சைகை மொழியைத் தொடங்குங்கள்

'கையைக் காட்டிப் பழக்கினால் வாய் திறக்காது' என்று உறவினர்கள் சொல்வார்கள், சில பயிற்சி மையங்களிலும் சொல்வார்கள். அதை நம்பிக் கையைக் கட்டிப்போடாதீர்கள். பேச்சு வருவது காது எவ்வளவு கேட்கிறது, பயிற்சி எவ்வளவு கிடைக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. சைகை அதைத் தடுப்பதில்லை. மொழியே இல்லாமல் மூன்று வயது வரை விடப்பட்ட பிள்ளைதான் பின்னால் எழுத்தையும் பேச்சையும் சைகையையும் கற்கத் திணறுகிறது. காக்ளியர் பொருத்தப்போகிற பிள்ளைக்கும் இது பொருந்தும். அறுவைச் சிகிச்சைக்கு முன்னான மாதங்களில் கிடைக்கும் மொழி அதுதான். கருவியைக் கழற்றியதும், குளிக்கும்போதும், பேட்டரி தீர்ந்த இரவிலும் மிஞ்சுவதும் அதுதான்.

உதட்டசைவை மட்டும் நம்ப முடியாததற்குத் தமிழிலேயே நல்ல சான்று இருக்கிறது. கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'அப்பா', 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒன்றுபோலவே மூடித் திறக்கும். 'பாடு', 'மாடு' அப்படியே. 'க' தொண்டையருகே பிறப்பதால் உதட்டில் தெரியவே தெரியாது. மொழி ஏற்கெனவே தெரிந்தவருக்கு உதட்டசைவு துணை நிற்கும். மொழியே இனிமேல்தான் வர வேண்டிய பிள்ளைக்கு அது போதாது.

எப்படிக் கற்பது?

டெல்லியில் 2015-இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட சைகை அகராதியை இலவச வீடியோக்களாக யூடியூபில் போட்டிருக்கிறது. 'சைன் லேர்ன்' என்ற செயலியும் உண்டு. மத்திய அரசின் கல்வி ஒளிபரப்பான பி.எம். இ-வித்யாவின் 31-ஆவது அலைவரிசை சைகை மொழிக்கென்றே 2024 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இவற்றுக்குப் பைசா செலவில்லை.

ஆனால் வீடியோவோடு நின்றுவிடக் கூடாது. உங்கள் மாவட்டக் காது கேளாதோர் சங்கம் எங்கே கூடுகிறது என்று விசாரித்துப் போய்ப் பாருங்கள். காது கேளாதோர் பள்ளியில் கேட்டால் சொல்வார்கள். அங்கே வரும் ஒருவரிடம் வாரம் இரண்டு மணி நேரம் வீட்டுக்கு வந்து கற்றுத்தரக் கேளுங்கள். அதற்கு உரிய சம்பளத்தை முன்கூட்டியே பேசிக் கொடுங்கள், இலவச சேவையாக எதிர்பார்க்காதீர்கள். கிழமைப் பெயர்களும் உறவு முறைகளும் ஊருக்கு ஊர் மாறும். டெல்லி வீடியோவும் உங்கள் ஊர்ச் சைகையும் வேறுபட்டால் உங்கள் ஊரில் உள்ளதையே முதலில் பழகுங்கள், பிள்ளை நாளை பழகப்போவது அவர்களோடுதான். பிள்ளைக்கு ஒரு பெயர்ச் சைகை வைக்கச் சொல்லுங்கள். அதை வைப்பது காது கேளாதோரின் உரிமை, வழக்கமும்கூட.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்தியச் சைகை மொழியின் வாக்கிய ஒழுங்கு பெரிய தடையாக இருக்காது. 'நான் கடை போ' என்று வினை கடைசியில் வரும். 'உன் பேர் என்ன' என்பதில் உள்ளதுபோலக் கேள்விச்சொல்லும் கடைசியில் வரும். நம்மைத் திணறடிப்பது முகம்தான். புருவத்தை உயர்த்துவதும் தலையை அசைப்பதும் இலக்கணத்தின் பகுதி. அதைக் கூச்சப்பட்டு விட்டுவிட்டால் கேள்வி கேள்வியாகவே தெரியாது.

முதல் வாரத்தில் பால், இன்னும், போதும், தூங்கு, குளி, அம்மா, அப்பா, வலி, வேண்டாம், விளக்கு என்று ஒரு பத்துச் சொல் போதும். பிறகு வாரம் பத்து. அம்மா மட்டும் கற்றால் போதாது. தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா எல்லாரும் அந்தப் பத்தையும் செய்ய வேண்டும். இல்லையென்றால் பிள்ளைக்கு உலகத்தில் பேச ஒரே ஒரு ஆள்தான்.

பழக்கத்தில் வர வேண்டியவை இன்னும் சில. பிள்ளை உங்களைப் பார்க்கும்வரை கையைத் தொடங்காதீர்கள். கூப்பிட, தோளை மெல்லத் தொடுங்கள், கண் எட்டும் இடத்தில் கையசையுங்கள், இல்லையென்றால் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். முகத்தைப் பிடித்துத் திருப்பாதீர்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். பூனையைக் காட்டும்போதே 'பூனை' என்று சைகை செய்தால் பிள்ளை இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கும். முதலில் பூனை, அது உங்கள் பக்கம் திரும்பியதும் சைகை. எட்டு, பத்து மாதத்தில் முதல் சைகை வரும். மழலைபோல அரைகுறை வடிவத்தில்தான் வரும், திருத்தாமல் பதில் சொல்லுங்கள்.

4. காதொலிக் கருவி

முடிவு உறுதியானதும் இரண்டு காதுக்கும் காதுக்குப் பின் அணியும் கருவி வேண்டும். அரசு வழியாக மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், மத்திய அரசின் 'அடிப்' (ADIP) எனும் உதவிக் கருவித் திட்ட முகாம்களிலும் இலவசமாகக் கிடைக்கும். வெளியே வாங்கினால் பிள்ளைகளுக்கு ஏற்ற டிஜிட்டல் கருவி ஒன்று சுமார் 15,000 ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் போகிறது. விலை கூடக்கூட நன்றாகக் கேட்கும் என்று நினைக்க வேண்டாம். கூட்டத்து இரைச்சலைக் குறைப்பது, கைப்பேசியோடு இணைப்பது போன்ற வசதிகளுக்குத்தான் பெரும்பாலும் அந்தக் கூடுதல் விலை. பிள்ளையின் குறைபாட்டு அளவுக்குப் போதிய சக்தி இருக்கிறதா, உள்ளூரில் சர்வீஸ் உண்டா, பேட்டரி மூடியில் குழந்தை திறக்க முடியாத பூட்டு உண்டா என்பதைப் பாருங்கள். பட்டன் பேட்டரியைப் பிள்ளை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கருவியைவிட அதிகத் தொல்லை கொடுப்பது அதைக் காதில் பொருத்தும் காது அச்சு. பிள்ளையின் காது வளர வளர அச்சு தளர்ந்து 'கீ' என்று விசிலடிக்கும். முதல் வருடத்தில் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய அச்சு வேண்டியிருக்கும், ஒன்றுக்குச் சுமார் 500 முதல் 1,500 ரூபாய். விசில் வருகிறது என்று ஒலியைக் குறைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. அப்போது கருவி காதில் இருந்தும் பிள்ளைக்கு எதுவும் கேட்காது. மென்மையான சிலிக்கோன் அச்சே கேளுங்கள்.

பேட்டரியின் எண்ணை ஒட்டியிருக்கும் நிறத்தை வைத்து அடையாளம் காணலாம்: 675 நீலம், 13 ஆரஞ்சு, 312 பழுப்பு. சக்தி கூடிய கருவிகள் பெரும்பாலும் 675 அல்லது 13. இவை காற்று பட்டதும் வேலை செய்யத் தொடங்கும் வகை. ஒட்டுத்தாளை உரித்து ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டுப் போடுங்கள். உரித்த பிறகு மறுபடி ஒட்டிவைத்தால் சேமிக்க முடியாது.

நம் ஊர் வியர்வையும் கடலோர ஈரப்பதமும் கருவியைக் கெடுப்பவை. தினமும் இரவு பேட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். தினமும் காலையில் ஸ்டெத்தோ போன்ற கேட்குழாயை மாட்டி நீங்களே கேட்டுப் பாருங்கள். பிறகு பிள்ளையின் பின்னால் இருந்து ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள். நேற்று வரை 'ஷ்'க்குத் திரும்பிய பிள்ளை இன்று திரும்பவில்லை என்றால் அச்சில் அழுக்கோ, பேட்டரியோ, காதில் சளி நீரோ காரணம். கருவி வேலை செய்யாத நாள் பயிற்சியில்லாத நாள்.

5. காகிதங்கள்: இந்த வரிசையில்தான்

வரிசை பிசகினால் ஒவ்வொரு கவுன்டரிலும் திருப்பி அனுப்புவார்கள்.

முதலில் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்க வேண்டும். 12 மாதத்துக்குள் இலவசம், அதன் பிறகு தாமதக் கட்டணம். அடுத்து ஆதார். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கைரேகை எடுக்க மாட்டார்கள், கட்டணம் இல்லை. பிறகு ரேஷன் கார்டில் பெயர் சேருங்கள். இதை விட்டவர்கள்தான் காப்பீட்டு அட்டை வாங்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள், அட்டையில் அப்பாவும் அம்மாவும் இருப்பார்கள், அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய பிள்ளை இருக்காது.

இன்ஷியலில் கவனம் வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் இன்ஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், ரேஷன் கார்டில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருந்தால் பின்னால் ஒவ்வொன்றுக்கும் திருத்தம் எழுதிக்கொடுக்க வேண்டிவரும். எழுத்துக்கூட்டு உட்பட மூன்றும் ஒன்றாக இருக்கும்படி இப்போதே திருத்திவிடுங்கள்.

வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்தில், கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போக வேண்டும், அதனால் தேவைப்படும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

பிறகு யு.டி.ஐ.டி. எனும் தேசிய மாற்றுத்திறனாளி அட்டை. 'ஸ்வாவலம்பன்' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. 6 மாதத்துக்குள் எடுத்த புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று வேண்டும். மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் காது மருத்துவரும் பெரா கருவியும் உள்ள அரசு மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் இருக்கிறது என்று சிறிய மருத்துவமனையைத் தட்டிவிட்டால் அங்கிருந்து வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தனியார் பெராவைக் காட்டினாலும், சான்றிதழுக்காகத் தங்கள் இடத்தில் மறுபடி எடுக்கச் சொல்வது வழக்கம். மருத்துவக் குழு வாரத்தில் எந்த நாள் கூடுகிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள். 2024-இல் திருத்திய விதிப்படி விண்ணப்பித்து 3 மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டும். 2 ஆண்டு போகாமல் விட்டுவிட்டால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

அட்டையின் நிறம் குறைபாட்டின் சதவீதத்தைச் சொல்லும்: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 தேவை. கணக்கிடும் முறை தெரிந்திருப்பது நல்லது. நன்றாகக் கேட்கும் காதின் குறைபாட்டுச் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மற்றக் காதின் சதவீதத்தைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். அதனால் ஒரு காது முழுதாகக் கேட்காமல், மறு காது நன்றாக இருந்தால் 17 சதவீதம் அளவில்தான் வரும். அந்தப் பிள்ளைக்கு அட்டைக்காக அலைவதைவிட, வகுப்பில் நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்காரவைப்பது பயன் தரும்.

சிறு பிள்ளைகளுக்குத் தற்காலிகச் சான்றிதழே தரப்படுவது வழக்கம். முடியும் தேதியைப் பார்த்து, அதற்கு 3 மாதம் முன்பே புதுப்பிக்கப் போங்கள். காலாவதியான சான்றிதழோடு தேர்வுச் சலுகையும் பேருந்துச் சலுகையும் நின்றுவிடும்.

6. காக்ளியர் கருவி: முடிவெடுப்பதும் அதன் பிறகும்

இரண்டு காதிலும் கடுமையான அல்லது மிகக் கடுமையான குறைபாடு இருந்து, சரியாக அமைத்த காதொலிக் கருவியைச் சில மாதம் தொடர்ந்து போட்டும் பலன் குறைவு என்றால்தான் இந்தப் பேச்சு. வெளியே செய்தால் கருவியைப் பொறுத்து ஒரு காதுக்குச் சுமார் 6 லட்சம் முதல் 15 லட்சம் வரை ஆகும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் அட்டை வாங்கலாம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். வருமானம் அதைவிடக் கூடுதல் என்றால் அடிப் திட்டத்தை விசாரியுங்கள், பிறவியிலேயே கேளாத பிள்ளைக்கு 1 முதல் 5 வயது வரை வாய்ப்பு உண்டு. 6 வயதுக்குள் என்று விதி சொல்கிறது என்பதற்காக 5 வயதில் போகாதீர்கள். பரிசோதனைகளும் ஒப்புதலும் பல மாதம் எடுக்கும். மூளை ஒலியைப் பழகும் வயதும் முதல் மூன்று வருடம்தான்.

முன்னதாக சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் எடுப்பார்கள். உட்காதே உருவாகாமல் இருந்தாலோ கேட்கும் நரம்பு இல்லாமல் இருந்தாலோ காக்ளியரால் பயன் இருக்காது. அப்படி வந்தால் யார் மீதும் பழி போட வேண்டாம், 3-ஆவது வேலையை இன்னும் தீவிரமாகச் செய்யுங்கள். நிமோனியா தடுப்பூசி அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாரமாவது முன்பு போட்டிருக்க வேண்டும். காக்ளியர் வைத்த பிள்ளைகளுக்கு அதே கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல் அபாயம் சற்றுக் கூடுதல்.

அறுவைச் சிகிச்சையன்றே கேட்டுவிடாது. சுமார் மூன்று வாரம் கழித்துத்தான் வெளிக் கருவியை மாட்டி ஒலியைத் திறப்பார்கள். அன்று பிள்ளை பயந்து அழுவது இயல்பு. அதன் பிறகு மேப்பிங், அதாவது பிள்ளைக்கு ஏற்றபடி கருவியின் ஒலி அளவைச் சரிசெய்வது. முதலில் அடிக்கடி, பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. பேச்சுப் பயிற்சி குறைந்தது இரண்டு, மூன்று வருடம். வேலைக்குப் போகும் பெற்றோர் வாரம் இரண்டு நாள் யார் அழைத்துப் போவது என்பதை அறுவைச் சிகிச்சைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: வெளிக் கருவிக்கு எத்தனை வருடம் உத்தரவாதம், அதற்குப் பிறகு கேபிளும் தலையில் ஒட்டும் 'காயில்' (coil) வட்டும் என்ன விலை, வெளிக் கருவியே மாற்ற வேண்டிவந்தால் எவ்வளவு, திட்டத்தில் எத்தனை பயிற்சி வகுப்பு அடக்கம், உள்ளே இருக்கும் கருவியோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா. சில வருடம் கழித்து வெளிக் கருவி பழுதாகி, மாற்ற லட்சக்கணக்கில் கேட்கும்போது, கருவி பீரோவில் தூங்குகிற வீடுகள் உண்டு. முதல் மாதத்திலிருந்தே அதற்கென்று ஒரு ஆர்.டி. போடுங்கள். பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் ஏறும் முன் வெளிக் கருவியைக் கழற்றிவிடுங்கள், நிலைமின்சாரம் அதைக் கெடுக்கும்.

காக்ளியர் வேண்டாம் என்று முடிவெடுப்பதும் முறையான முடிவுதான். அப்படி முடிவெடுக்கும் குடும்பம் சைகை மொழியை அரைகுறையாக அல்ல, முழு மொழியாகக் கற்க வேண்டும்.

7. பயிற்சி மையமும் பள்ளியும்

6 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் மாவட்டங்களில் இலவசமாக நடக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் எங்கே என்பதை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். சென்னை அடையாறில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா காது கேளாத சிறு குழந்தைகளுக்கானது, கட்டணம் இல்லை, பெற்றோரும் கூடவே இருந்து கற்க வேண்டும். அங்கே பேச்சு வழியிலான பயிற்சிதான், சைகையை வீட்டில் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனத்தில், காதோடு வேறு குறைபாடும் சேர்ந்த பிள்ளைகளுக்கு எல்லாச் சோதனைகளும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் தொலைவழிப் பயிற்சியும் உண்டு.

பள்ளி தேடும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், இடைவேளையில் பிள்ளைகள் கையால் எவ்வளவு வேகமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். ஆசிரியர்களுக்கு அது புரிகிறதா, காது கேளாத ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா, 12-ஆம் வகுப்பு வரை உண்டா, 11-இல் எந்தப் பிரிவுகள் உண்டு என்று கேளுங்கள். பல பள்ளிகளில் ஒன்றிரண்டு பிரிவுதான் இருக்கும், அறிவியல் படிக்க விரும்பும் பிள்ளை அங்கே முடங்கிவிடும். பாளையங்கோட்டை ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் பள்ளி போல விடுதியோடு மேல்நிலை வரை உள்ளவையும் உண்டு. விடுதியில் விட்டால் விடுமுறைக்கு வரும் பிள்ளையோடு பேச உங்களுக்கும் சைகை தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல ஆகிவிடும்.

சாதாரணப் பள்ளியில் சேர்த்தால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார் என்று தலைமையாசிரியரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசக் கூடாது என்பதை ஒவ்வொரு ஜூனிலும் புதிய ஆசிரியருக்கு நீங்களே நேரில் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

8. சலுகைகள்

பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், இரு மொழிப் பாடங்களில் ஒன்றிலிருந்து விலக்கும் கேட்கலாம். பள்ளி வழியாக, மருத்துவச் சான்றோடு, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். மார்ச்சில் போய்க் கேட்டால் நடக்காது.

அரசுப் பேருந்தில் கால்பங்குக் கட்டணம். பள்ளிக்கும் பயிற்சி மையத்துக்கும் போக இலவசப் பேருந்து அட்டையை நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ரயிலில் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், முதல் வகுப்பில் 50 சதவீதச் சலுகை உண்டு, ஆனால் கேட்கவும் பேசவும் இயலாமை இரண்டும் சேர்ந்தவருக்குத்தான். சான்றிதழ் ரயில்வேயின் படிவத்தில் இருக்க வேண்டும்.

வருமான வரி கட்டுபவர்கள் பழைய வரி முறையில் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80 டி.டி. பிரிவு) 40 சதவீதத்துக்கு 75,000 ரூபாயும், 80-உம் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் இது கிடையாது.

நிராமயா எனும் மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. காது கேளாமை மட்டும் உள்ள பிள்ளைக்கு அதில் இடமில்லை.